அடிமாறாமல் எழுதுக

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி மறந்திருக்காது: இன்ன சொல்லில் முடியும் குறளை அடிமாறாமல் எழுதுக. கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து முதற்சீரைத் தொட வேண்டும். இன்னொரு கேள்வி ஒரு குறளைக் கொடுத்து அலகிடச் சொல்லும். அது வெகுளியைப் பற்றிய குறளாகவே இருந்தாலும், கடைசிச் சீர் நாளா, மலரா, காசா, பிறப்பா என்று சொன்னால் மதிப்பெண் விழுந்துவிடும். கோபத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

இதனால் மனப்பாடமே வீண் என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழே சீர், எதுகையும் மோனையும் இழுத்துக் கட்டிய இரண்டடி. பிள்ளை வாயில் ஒருமுறை ஏறிவிட்டால் ஆயுசுக்கும் இறங்காது. பதினோரு வயதில் பொருள் புரியாமல் ஒப்பித்தது, நாற்பது வயதில் ஒருவரிடம் கடன் கேட்டு வெறுங்கையோடு படியிறங்கும்போது திடீரென்று புரியும். மனத்தில் கிடந்தால்தானே புரிவதற்கு! 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவருக்கு அரசு தரும் பரிசுப் பணம், என் கணக்கில், நல்ல செலவுதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வள்ளுவர் பத்துப் பத்தாக யோசித்தவர். நாம் அவரை ஒன்றொன்றாகப் பிய்த்துப் பேருந்திலும் கரும்பலகையிலும் மேடையிலும் வைக்கிறோம். தனியே நிற்கும் குறள் கட்டளைபோல ஒலிக்கும். அதிகாரத்துக்குள் அது ஒரு வாதத்தின் கண்ணி. 38ஆம் அதிகாரமான ஊழ், விதியைவிட வலியது எதுவென்று கேட்டு முடிகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையோ, சோராமல் முயல்பவர் அந்த விதியையே புறமுதுகு காட்ட வைப்பார் என்று முடிகிறது. இரண்டுமே அந்தந்த அதிகாரத்தின் பத்தாவது குறள். நூலில் 380, 620. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு வள்ளுவர் விதிவாதியாகவும் கிடைப்பார், முயற்சியின் தூதராகவும் கிடைப்பார்.

இரவும் இரவச்சமும் இன்னும் நெருக்கம், அடுத்தடுத்த அதிகாரங்கள். ஒளிக்காமல் கொடுப்பவரிடம் கேட்பது கொடுப்பதற்கு ஒப்பானது என்கிறார் ஒன்றில். மறுபக்கம் திரும்பினால், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். கேட்கிறவனின் மானத்தையும் வயிற்றையும் ஒருசேரப் பார்த்தவருக்குத்தான் இந்த இரண்டும் வரும். போட்டி மேடையில் குறள் எண்ணைச் சொன்னதும் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்த முரண் தட்டுப்படுவதே இல்லை.

எதிர்க்கேள்விக்கு இடமில்லாததும் சிக்கல்தான். கணவனைத் தொழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்ற குறளையும், பெண்வழிச்சேறல் அதிகாரத்தையும் இன்றைய மாணவி அடிமாறாமல் எழுதலாம். 'எனக்கு இது சம்மதமில்லை' என்று எழுத விடைத்தாளில் இடம் கிடையாது.

2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பால், பொருட்பால் இரண்டிலும் உள்ள 108 அதிகாரங்களையும் 6 முதல் 12 வரையான வகுப்புகளில் சேர்க்கச் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் விடுபட்ட 25 அதிகாரங்களில்தான் வள்ளுவர் உபதேசத்தை நிறுத்திவிட்டு மனிதரைப் பேசவிடுகிறார். புலவி நுணுக்கத்தில் ஒரு காட்சி: அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே, எவள் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை. சந்தேகம் வேலைசெய்யும் விதத்தைப் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எங்கே இருக்கிறது? ஆறாம் வகுப்புக்கு வேண்டாமென்றால் சரி, பன்னிரண்டாம் வகுப்புக்குமா?

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனப்பாடக் கேள்வி அப்படியே இருக்கட்டும். கூடவே, ஊழையும் ஆள்வினையுடைமையையும் அருகருகே கொடுத்து, 'நீ எந்தப் பக்கம்? ஏன்?' என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள். விடைக்குறிப்பு மட்டும் அச்சடிக்க வேண்டாம்.