விடுதிச் சுவரில் தோட்டத்துப் படங்கள்

பெருவிடுதிகளின் அறைகள் எவ்வூரிலும் ஒன்றுபோலவே இருக்கும். சிறுவிடுதியோ, தான் நிற்கும் மண்ணின் பழமையைக் காட்டி விருந்தினரை ஈர்க்கிறது. பினாங்கிலும் கெடாவைச் சேர்ந்த லங்காவித் தீவிலும் பழைய வீடுகள் பல இவ்வாறு விடுதிகளாயின. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின் இப்போக்கு வலுப்பெற்றது. அச்சுவர்களுக்கு ஏற்ற அணியாகக் கொள்ளப்படுபவற்றுள் பழைய ரப்பர்த் தோட்டப் படமும் ஒன்று. அது வெறும் அணிதானா என்பதே கேள்வி.

இவ்வகைப் படங்களின் கலைநயத்தை மறுத்தல் நேர்மையாகாது. மேடானில் தொழில் நடத்திய ஜெர்மானியர் கிளைன்குரோத்தே, 1907ஆம் ஆண்டளவில் மலாயாத் தீபகற்பப் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். செப்புத் தகட்டில் பதித்து அச்சிடும் அம்முறை, கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட நிழற்படிகளையெல்லாம் காட்டவல்லது. ஆயினும் அத்தொகுதி காட்டுவது நீரிணைக் குடியேற்றங்களையும் கூட்டு மலாய் மாநிலங்களையுமே. கெடா 1909 வரை சயாமின் மேலாட்சியில் இருந்தது. ஆதலின் அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் 'கெடாவின் பழந்தோட்டம்' என மாட்டுவது அழகாக இருக்கலாம், உண்மையாகாது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் தம் நிரையை முடிக்க முயல்வர். குளிர்ந்த வேளையிலேயே பால் நன்கு வடியும். அக்காலப் படக்கருவிக்கோ நல்ல வெளிச்சமும் அசையாத உருவமும் வேண்டும். எனவே, பகல் வெளிச்சத்தில் உளியும் கையுமாக அசையாது நிற்கும் உருவம் உழைப்பின் படமன்று. உழைப்பவரை நிறுத்தி வைத்து எடுத்த படம். மரத்தைப் போலவே மனிதரும் அங்கே காட்சிப் பொருளாகின்றனர்.

படத்தின் கீழுள்ள எழுத்தும் இதற்குத் துணை செய்கிறது. அக்கால அஞ்சலட்டைகள் 'தமிழ்க் கூலிகள்' என்றே குறித்தன; பெயரில்லை, தோட்டமில்லை, ஆண்டில்லை. அப்படம் விருந்தினருக்கு அமைதியான பழங்காலத்தை உணர்த்தும். ஆனால் பெடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை அமைத்து, 1947இல் கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்தவர்கள் இம்மக்களே. பேசாத மக்கள் என்று அவர்களைக் காட்டும் படம், எத்துணை நயமுடையதாயினும், பாதி உண்மையே.

இதனால், விடுதிகளில் தோட்டப் படமே கூடாது என்பதன்று. படம் எடுத்த ஆண்டும் இடமும் தெரிந்தவரை எழுதப்படல் வேண்டும். புதிதாக எடுப்போர் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வாழும் முதியோரை நாடி, அவர்தம் இசைவோடு அவர்களையும், அவர்கள் பேணும் மங்கையும் உளியையும் லயத்துக் கோயிலையும் பதிவு செய்யலாம். அம்முதியவரின் பேத்தி ஒருநாள் அவ்விடுதிக்குப் பணியாளாகவோ விருந்தினராகவோ வரக்கூடும். சுவரில் இருப்பவர் யாரென்று அவள் படித்தறிய இயலுமாயின், அப்படம் கலை. இயலாதாயின், அது சுவரை மறைக்கும் தாளே.