பனி மூடிய நகரமும் மதச்சார்பற்ற அரசும்

ஓரான் பாமுக் எழுதிய ‘பனி’ என்னும் துருக்கிய நாவல் 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் அது கிடைக்கிறது. சென்ற பருவத்தில் இறுதியாண்டு மாணவர்களுடன் இந்நூலை வாசித்தோம். வாசித்து முடித்த நாளில் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்நகரத்தில் ஒரு சிறு சபைக்கு நாம் ஆயராயிருந்தால் யாரை நம்பலாம்? மதச்சார்பின்மையைக் காக்கிறோம் என்னும் படைவீரரையா, வாக்குக் கேட்டு வரும் இஸ்லாமியக் கட்சியினரையா?” என்று வினவினார். அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவு தரவில்லை. நாவலை மறுபடியும் வாசித்தோம். அதன் பின்னணியான வரலாற்றையும் ஆராய்ந்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

1. நாவலின் களம்

கதை துருக்கியின் கிழக்கெல்லையிலுள்ள கார்ஸ் நகரில் நிகழ்கிறது. ஜெர்மனியில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய கா என்னும் கவிஞர், நகராட்சித் தேர்தலைப் பற்றியும், அங்கே தற்கொலை செய்துகொண்ட இளம்பெண்களைப் பற்றியும் செய்தி எழுத வருகிறார். பனி பெய்து சாலைகள் அடைபடுகின்றன. வெளியுலகத் தொடர்பற்றுப்போன அந்தச் சில நாட்களில் ஒரு நாடகக் குழுவினரும் உள்ளூர்ப் படையினரும் சேர்ந்து நகரின் ஆட்சியைக் கைப்பற்றுகின்றனர்.

தலைத்துணி அணிந்த மாணவியரைக் கல்லூரிக்குள் அனுமதிக்காத கல்வி நிறுவன இயக்குநர் ஓர் இனிப்பகத்தில் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொலைக்கு முன் அவருக்கும் கொலையாளிக்கும் நடந்த நீண்ட உரையாடல் இந்நாவலின் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகும். கொலையாளி இறைவனின் கட்டளையைச் சுட்டுகிறான். இயக்குநரோ அங்காராவிலிருந்து வந்த ஆணையைச் சுட்டுகிறார். இருவரும் மேற்கோள்களோடு பேசுகின்றனர். ஆனால் அம்மாணவியர் என்ன கருதினர் என்பதை இருவரில் ஒருவரும் கேட்பதில்லை. ஒருவர் துணியை அகற்ற ஆணையிடுகிறார், மற்றவர் அணிய ஆணையிடுகிறார். ஆணையிடுதலில் இருவரும் உடன்பிறந்தாரே என்பதை ஆசிரியர் விளக்கவுரையின்றிக் காட்டிவிடுகிறார்.

2. மேடையேறிய அரசு

சுனய் ஸயிம் என்னும் நடிகர் அரங்கேற்றும் நாடகத்தில் ஒரு பெண் தன் முகத்திரையைக் களைந்து எரிக்கிறாள். பார்வையாளருள் சமயப் பள்ளி மாணவர்கள் கூச்சலிட, படைவீரர் மேடையேறிச் சுடுகின்றனர். மக்களோ அதுவும் நடிப்பின் ஒரு பகுதியென்றே முதலில் எண்ணுகின்றனர். குருதியைக் கண்ட பின்னரே உண்மை விளங்குகிறது.

இதனை வெறும் உத்தி என நாம் கொள்ளவில்லை. துருக்கியில் மதச்சார்பின்மை மக்களிடையே விவாதித்து முளைத்த உடன்படிக்கையன்று. அது மேலிருந்து அரங்கேற்றப்பட்டது. மக்கள் பார்வையாளராக அமர்த்தப்பட்டனர். எதிர்த்துக் குரல் எழுப்பியவர் குண்டுகள் மெய்யானவை என்பதை அறிந்துகொண்டனர்.

அவ்வாறு இறக்கும் மாணவரில் நெஜிப் என்பவன் ஒருவன். இவனைப் பற்றி இறையியல் மாணவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ‘அரசியல் இஸ்லாமியன்’ என்று காவல்துறை குறித்துவைக்கும் இவ்விளைஞனின் உள்ளத்தில் உண்மையில் இருப்பது, இறைவன் இல்லாமற்போவாரோ என்னும் அச்சமே. இவ்வச்சத்தைச் சுமக்கும் உள்ளத்துக்கு அரசிடமும் இடமில்லை, கட்சியிடமும் இடமில்லை. இருவருக்கும் வேண்டியது அடையாளம். ஐயுறும் விசுவாசம் அன்று.

3. வரலாறு கூறுவது

துருக்கியர் தம் மதச்சார்பின்மையை ‘லாயிக்லிக்’ என்பர். இதனை அரசும் சமயமும் பிரிந்து நிற்கும் ஏற்பாடு எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். 1924 மார்ச் 3ஆம் நாள் கலீபா பதவி ஒழிக்கப்பட்டது. அதே நாளில், பள்ளிவாசல்களையும் அவற்றின் ஊழியரையும் அரசின் ஆளுகைக்குள் வைக்கும் சமய அலுவல் துறையாகிய ‘தியானெத்’ நிறுவப்பட்டது. இமாம்கள் அரசு ஊதியம் பெறுவோராயினர். 1928இல் அரசின் சமயம் இஸ்லாம் என்னும் வாசகம் அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1937இல் மதச்சார்பின்மை அதில் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட 1932 முதல் தொழுகை அழைப்பைக்கூடத் துருக்கிய மொழியிலேயே ஒலிக்கச் செய்தனர். 1950இல்தான் அரபு மொழி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே, சமயத்தை விட்டு அரசு விலகி நின்றதில்லை. சமயத்தைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டது. பெத்தேலை அரசனின் பரிசுத்த இடமென்று அறிவித்து ஆமோசைத் துரத்திய ஆசாரியன் அமத்சியாவை நாம் இங்கு நினைவுகூரலாம்.

1980 செப்டம்பர் 12 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர்கள், மதச்சார்பின்மையின் காவலர் எனத் தம்மை அறிவித்தவர்களே. எனினும் அவர்கள் காலத்து 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பே பள்ளிகளில் சமயப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. இடதுசாரிகளுக்கு எதிராக அடக்கமானதொரு சமயம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அப்பாடத்தில் சுன்னி இஸ்லாமே முதன்மை பெற்றதால் அலெவி குடும்பம் ஒன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகி 2007இல் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது.

அடக்கமான சமயம் அடங்கியே இருக்கவில்லை. எர்பகானின் நலக்கட்சி அரசைப் படையினர் 1997இல் பதவி விலக நெருக்கினர். 1998இல் நீதிமன்றம் அக்கட்சியைத் தடைசெய்தது. 1999இல் தலைத்துணியோடு நாடாளுமன்றம் வந்த பெண் உறுப்பினர் ஒருவர் உறுதிமொழி ஏற்க இயலாமல் வெளியேறினார். அதே ஆண்டில், கூட்டமொன்றில் ஒரு கவிதையைச் சொன்னதற்காக எர்தோவான் சிறை சென்றார். 2002 நவம்பரில் அவருடைய கட்சி வென்று ஆட்சி அமைத்தது. 2008இல் அக்கட்சியையும் மூடுவதற்கு வழக்கு நடந்தது. பதினொரு நீதிபதிகளுள் ஆறுபேர் மூடவேண்டும் என்றனர். ஏழு வாக்குகள் தேவைப்பட்டதால் கட்சி தப்பியது. 2013இல் அரசு அலுவலகப் பெண்களுக்கிருந்த தலைத்துணித் தடை பெரும்பாலும் நீங்கியது. அதுவரை கல்வியும் பணியும் இழந்த பெண்களுக்கு அது நீதியே என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வென்றவர்கள் தியானெத்தைக் கலைத்தார்களா? இல்லை, அதனை மேலும் பெருக்கினர். கட்டாயச் சமயப் பாடத்தை நீக்கினார்களா? அதுவும் இல்லை. சமயத்தை அடக்குவதற்கென்று ஒரு கூட்டத்தார் செய்த கருவி, சமயத்தின் பெயரால் ஆள்வதற்கு மற்றொரு கூட்டத்தாருக்கு ஆயத்தமாகக் கிடைத்தது. கருவியை ஏந்திய கை மாறியதேயன்றிக் கருவி மாறவில்லை.

4. நாவலின் குறைகள்

பாமுக்கின் நடுநிலையைப் பலர் பாராட்டியுள்ளனர். நாமும் பாராட்டுகிறோம், எனினும் இரு குறைகளைச் சுட்டாமல் விட இயலாது.

முதலாவது, ஆசிரியரின் விளக்கு கவர்ச்சியுடையோர் மேலேயே விழுகிறது. ‘கருநீலம்’ எனப் பொருள்படும் புனைபெயர் பூண்ட தலைமறைவுத் தீவிரவாதியும், நடிகரான சுனயும் மறக்கவொண்ணாத பாத்திரங்கள். ஆனால் இஸ்லாமியக் கட்சியின் நகராட்சி வேட்பாளரான முக்தார், காவல் நிலையத்தில் அடிபடும் பரிதாபத்துக்குரிய மனிதராகவே நின்றுவிடுகிறார். துருக்கியின் வரலாற்றை மாற்றியவரோ முக்தார் போன்றோரே. எர்தோவான் 1994இல் இஸ்தான்புல் மாநகரத் தலைவரானார். குடிநீரும் குப்பையும் அவருடைய அரசியலுக்கு அடித்தளமாயின. துப்பாக்கி ஏந்தியவரைக் கூர்ந்து நோக்கிய நாவலாசிரியர், வாக்குப் பெட்டியருகே பொறுமையோடு நின்றவரை மேலோட்டமாகவே நோக்கினார்.

இரண்டாவது, தற்கொலை செய்துகொண்ட பெண்களைத் தேடியே கதை தொடங்குகிறது. எனினும் அவர்களைப் பற்றிப் பேசுகிறவர் பலர். அவர்கள் பேசக் கேட்பதற்கு இடம் மிகக் குறைவு. கதிஃபே என்பவள் மட்டும் மேடையில் தானே முடிவெடுக்கிறாள். அவளுக்கும் அந்த மேடையைக் கட்டித் தந்தவர் ஓர் ஆடவரே. இதனை ஆசிரியர் உணராதவர் அல்லர். தொலைவிலிருந்து வாசிப்போர் தங்களைப் புரிந்துகொள்ள இயலாது என்று கார்ஸ் நகரத்து இளைஞன் ஒருவன் இறுதியில் எச்சரிக்கிறான். அவ்வெச்சரிப்பு நமக்கும் உரியது. ஆயினும் குறையை ஒப்புக்கொள்வது குறையை நீக்குவதாகாது.

5. மாணவரின் வினா

இனி, நம் மாணவரின் வினாவுக்குத் திரும்புவோம். சிறுபான்மைத் திருச்சபைக்கு மதச்சார்பற்ற வலியவரின் நிழலே பாதுகாப்பு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ்ந்துள்ளது. துருக்கியக் கிறிஸ்தவரின் அனுபவம் இதனை மெய்ப்பிக்கவில்லை. 1942இல் விதிக்கப்பட்ட சொத்து வரி முஸ்லிமல்லாதார்மீது பன்மடங்காகச் சுமத்தப்பட்டது. செலுத்த இயலாதோர் எர்சுரும் மாகாணத்து அஷ்காலேயில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். 1955 செப்டம்பரில் இஸ்தான்புல்லின் கிரேக்கர் வீடுகளும் கடைகளும் ஆலயங்களும் சூறையாடப்பட்டன. 1844இல் தொடங்கிய ஹல்கி இறையியல் கல்லூரி 1971இல், தனியார் உயர்கல்வியை அரசுக்குரியதாக்கிய நடவடிக்கையினால் மூடப்பட்டது. இவையெல்லாம் மதச்சார்பின்மை அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்த நாட்களில் நடந்தவை. நம்மைப் போன்ற ஒரு வகுப்பறையை மூடியது சமயவெறி அன்று, சமயத்தைத் தன் பிடியிலிருந்து விட மனமில்லாத அரசே என்பதை மாணவர் சிந்திக்க வேண்டும்.

மாறாக, இஸ்லாமியக் கட்சியின் ஆட்சிக் காலத்தில்தான் 2008, 2011ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியாகச் சிறுபான்மை அறநிலையங்களின் பறிபோன சொத்துகளில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அதே ஆட்சியே 2020இல், 1934 முதல் அருங்காட்சியகமாயிருந்த ஹகியா சோபியாவை மீண்டும் பள்ளிவாசலாக்கியது. கார்ஸ் நகரிலேயே பத்தாம் நூற்றாண்டில் ஆர்மீனியர் கட்டிய அப்போஸ்தலர் ஆலயம், பள்ளிவாசல், ரஷ்யர் ஆலயம், அருங்காட்சியகம் எனப் பலமுறை கைமாறி, இறுதியில் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. நாவல் நெடுகக் காலியான ஆர்மீனிய வீடுகள் நிற்கின்றன. மதச்சார்பற்றோரும் இஸ்லாமியரும் எதற்காகப் போரிடுகின்றனரோ அந்நகரம் முன்பு வேறொருவருக்கும் உரியதாயிருந்தது என்பதை அவ்வீடுகள் உரைக்கின்றன. ஆர்மீனியரைப் பற்றிப் பேசியதற்காகவே பாமுக் மீது 2005இல் வழக்குத் தொடரப்பட்டது. அது 2006 ஜனவரியில் கைவிடப்பட்டது.

ஆகவே நமது விடை இதுவே: யாரை நம்பலாம் என்னும் வினாவே பிழையானது. எவர் ஆண்டாலும், மனசாட்சியின்மேல் அரசுக்கு அதிகாரமில்லை என்று கூறுகிறார்களா என்பதே கேட்கத்தக்க வினா. அதனைத் தனக்கு மட்டும் கேட்கும் திருச்சபை சலுகையைத் தேடுகிறது. கல்லூரி வாயிலில் தடுக்கப்பட்ட முஸ்லிம் மாணவிக்காகவும், விரும்பாத பாடத்தைக் கற்கக் கட்டாயப்படுத்தப்பட்ட அலெவிச் சிறுவனுக்காகவும் கேட்கும் திருச்சபையே நீதியைத் தேடுகிறது. கார்ஸ் நகரத்தின் அந்தச் சிறு சபைக்கு நம் மாணவர் ஆயராகச் சென்றால், முதலில் அவர் சந்திக்க வேண்டியவர் படைத்தலைவருமல்லர், வேட்பாளருமல்லர். ஐயத்தோடு இறைவனைத் தேடிய நெஜிப்பின் வீட்டுக்கதவை அவர் தட்டட்டும்.