கடாரத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டு

கேலாங்கில் நான் தங்கியிருக்கும் அறையில் நான்கு கட்டில்கள். கீழே டுரியான் கடை, லோரோங் முனையில் தவளைக் கஞ்சிக் கடை, இரவு இரண்டு மணிக்கும் அடங்காத சத்தம். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து முதுகுப்பையில் துணி திணித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் மன்னார்குடிப் பக்கம், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். "எங்கடா தம்பி கிளம்பிட்ட?" என்றார். "கடாரம்ணே." "விக்ரம் படமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2019இல் வந்த 'கடாரம் கொண்டான்' கோலாலம்பூரில் நடக்கிற துரத்தல் படம். அந்தத் தலைப்பு ஏன் என்று தியேட்டரில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நமக்கு அந்தப் பட்டத்தில் முக்கியமானது இரண்டாவது சொல்தான். 'கொண்டான்' இருந்துவிட்டால் போதும், கடாரம் எங்கே இருந்தால் என்ன? சினிமாவை விடுங்கள். நம் சரித்திர நாவல்களும், இப்போது குவிகிற பயண எழுத்தும் அந்த ஊரை இப்படித்தான் நடத்துகின்றன என்பது என் புகார். ஆயிரம் வருஷமாக நாம் கடாரத்துக்குக் கப்பலில் மட்டுமே போய்க்கொண்டிருக்கிறோம்.

ஊர் நூலகத்தில் அட்டை கிழிந்த 'வேங்கையின் மைந்தன்' எடுத்துப் படித்தபோது எனக்குப் பதினைந்து வயது. அகிலனுக்கு 1963இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிக் கொடுத்த நாவல். ஈழத்தில் மறைத்து வைக்கப்பட்ட பாண்டியர் மணிமுடியில் தொடங்கிக் கடாரப் படையெடுப்புவரை போகும். அதற்குப் பிறகு சாண்டில்யனின் 'கடல் புறா', மூன்று பாகமும் ஒரே கோடை விடுமுறையில். சும்மா சொல்லக்கூடாது, பாய்மரத்தையும் தளத்தையும் துறைமுகத்தையும் அவ்வளவு ஆசையோடு எழுதியவர் தமிழில் குறைவு. இப்போது திரும்பப் படித்தாலும் கடலில் இருக்கும்வரை அந்த நாவல் ஓடுகிறது. கரையில் கால் வைத்ததும் பிரச்சினை. கடாரம் என்பது ஒரு மாளிகை, ஒரு தோட்டம், அதில் ஓர் இளவரசி. அந்த மாளிகையைத் தூக்கிக் காஞ்சிபுரத்தில் வைத்தாலும் ஒன்றும் மாறாது. அங்கே மழை பெய்ததாகவோ, யாராவது வேலை செய்ததாகவோ எனக்கு ஒரு காட்சிகூட மனசில் தங்கவில்லை.

இதற்கு நாவலாசிரியர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர்கள் கையில் இருந்தது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பைச் சொல்லும் அந்தப் பகுதி ஓர் ஊர்ப் பட்டியல்: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், மாநக்கவாரம், கடாரம் என்று போகும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடைமொழி, அடுத்த பெயர். கப்பல் தளத்தில் நின்று கரையைக் காட்டுகிறவனின் பார்வை அது. அரசனின் பெருமையைச் சொல்ல அது போதும். நாவலுக்குப் போதாது. நாம் அதையே நாவலாக்கினோம், பிறகு அதையே பயணக் கட்டுரையும் ஆக்கிக்கொண்டோம்.

சரி, பேருந்துக்கு வருகிறேன். மலேசியா 2023 டிசம்பரில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை என்று ஆக்கிய பிறகுதான் என்னைப் போன்றவனுக்கு இந்தப் பயணம் லேசானது. முன்பெல்லாம் வடக்கே போகும் பேருந்துகளுக்கு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் வாசலில் நிற்பார்களாம். அது அந்த வருஷம் மே மாதமே மூடியாயிற்று. நான் போனது இருப்பதிலேயே மலிவான வழி. குவீன் ஸ்திரீட்டில் 170 பிடித்து, உட்லண்ட்ஸில் வரிசையில் நின்று, பாலம் தாண்டி ஜொகூரின் லார்க்கின் நிலையம். அங்கிருந்து சுங்கைப் பட்டாணிக்கு இராப் பேருந்து. ஏசிக் குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கி எழுந்தால் விடிந்திருந்தது, ஒரு பக்கம் ஜெராய் மலை. கடலிலிருந்து வந்த மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்த மலை. நான் அதை ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் பார்த்தேன்.

மெர்போக் பக்கம் புக்கிட் பத்து பகாட்டில் அருங்காட்சியகம். உள்ளே நுழையும்போது, வெட்கத்தோடு சொல்கிறேன், தஞ்சாவூரைத்தான் எதிர்பார்த்தேன். இருந்தது இடுப்புயர மேடை. ஆற்றுக் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய சின்னக் கருவறை, முன்னால் மண்டபம், மண்டபத்தில் தூண் நட்ட குழியோடு வட்ட வட்டமான கல் பீடங்கள். தூண்கள் மரம், கூரையும் மரமும் ஓலையுமாக இருந்திருக்க வேண்டும், எல்லாம் மக்கிப் போய்விட்டது. 1950களின் கடைசியில் ஆலஸ்டர் லாம்ப் தலைமையில் மீட்டுக் கட்டியது இது. பக்கத்தில் ஓடை. அதே வளாகத்தில் இருக்கும் மற்ற சண்டிகள் வேறு வேறு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தவை. (அங்கே கோயில் இடிபாட்டைச் சண்டி என்கிறார்கள். நம் ஊர்ப் பயணிகள் காணொளியில் இதைச் சண்டிகேஸ்வரரோடு முடிச்சுப் போடுவதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.)

ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஏமாற்றத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் வேறு ஏதோ தெரிய ஆரம்பிக்கிறது. கருவறையும் மண்டபமும் நம் கோயில் கணக்கு. மரத்தூணும் ஓலைக் கூரையும் அந்த மழைக்கு அந்த ஊர்க்காரர் கண்டுபிடித்த கணக்கு. கட்டியவன் இரண்டையும் தெரிந்தவன். அவனை 'தமிழன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பாதிக் கட்டடம் காணாமல் போகிறது.

சுங்கை பத்துவில் இன்னும் சுவாரசியம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டியதில் கிடைத்தது இரும்பு உருக்கிய இடம். உலைகள், காற்று ஊதும் மண் குழாய்கள், குவியல் குவியலாக இரும்புக் கசடு. எவ்வளவு பழசு என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. சோழனுக்குப் பல நூற்றாண்டு முந்தியது என்பதில் சண்டை இல்லை. கொடுமணலில் இரும்பு உருக்கியவனைப் பற்றிப் பெருமைப்படுகிற நாம், கடாரத்தில் உருக்கியவனுக்கு ஒரு நாவலில் ஒரு பத்தி கொடுத்திருக்கிறோமா? பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் குவியல்களில் காழகத்துப் பண்டத்தையும் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்பார் நச்சினார்க்கினியர். அந்தக் குவியலை இங்கே உண்டாக்கியவன் யார் என்று கேட்டிருந்தால் நாவல் அங்கேயே தொடங்கியிருக்கும்.

இந்த வட்டாரத்தில் நமக்குப் பெயரோடு கிடைக்கிற மிகப் பழைய மனிதர்களில் ஒருவன் அரசன் அல்ல, மாலுமி. புத்தகுப்தன் என்ற மகாநாவிகன், ரக்தமிருத்திகா ஊர்க்காரன். சிவந்த மண் என்று பொருள், வங்காளத்தில் இருந்த ஊர். பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான், ஐந்தாம் நூற்றாண்டில். பள்ளத்தாக்குக்குத் தெற்கே இன்றைய செபராங் பிறையில் கிடைத்தது, இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. என் அறையின் நான்காவது கட்டிலில் படுக்கிறவர் பங்களாதேஷ்காரர். கிளம்பும்போது அவரும் நல்லபடியாகப் போய்வா என்றுதான் சொன்னார்.

புத்தகுப்தன் கல்லைக் கண்டெடுத்தவர் ஜேம்ஸ் லோ என்ற கம்பெனி அதிகாரி. அதே லோதான், 1843இல் சிங்கப்பூர் ஆற்று முகத்தில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்ட கல்வெட்டின் துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பியவர். அந்தக் கல்லில் ஒரு துண்டு இங்கே தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. முழுதாக யாராலும் படிக்க முடியவில்லை. 2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்று வாசிக்கலாம், பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாக இருக்கலாம் என்றார். அவர் 'இருக்கலாம்' என்றது நம் வாட்சாப்புக்கு வந்தபோது 'சிங்கப்பூரில் ராஜேந்திர சோழன் கல்வெட்டு' ஆகிவிட்டது. எனக்கும் வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

இந்தக் கடற்பக்கத்தில் சந்தேகமில்லாத தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டினது ஒரு குளத்தையும் அதைக் காக்க வேண்டிய மணிக்கிராமத்தாரையும் பற்றியது. சுமத்ராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டினது வணிகக் குழுவான ஐந்நூற்றுவருடையது, கப்பலுக்கு வரும் தீர்வையைப் பற்றியது. குளமும் வரியும்! எனக்கு மெய்க்கீர்த்தியைவிட இவை பெரிய இலக்கியமாகத் தோன்றுகின்றன. அவற்றில் ஆட்கள் தங்குகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். இதை வைத்து நாவல் எழுத இன்னும் யாருக்கும் கை வரவில்லை.

பயண எழுத்துக்கு வருவோம். இன்று பாலெங்கே, திக்கால் என்று மாயன் இடிபாடுகளைப் பார்க்க முதுகுப்பையோடு பஸ் ஏறுகிற கூட்டத்துக்கெல்லாம் மூத்தவர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ். 1839இல் ஓவியர் காத்தர்வுட்டோடு கோவேறு கழுதையில் காட்டுக்குள் போனார், 1841இல் புத்தகம் வந்தது. அவர் ஒன்றும் மகான் இல்லை. கோப்பான் இடிபாட்டை 50 டாலருக்கு வாங்கி நியூயார்க் கொண்டுபோகத் திட்டம் போட்டவர். ஆனால் எகிப்தியர் கட்டினார்கள், தொலைந்துபோன யூதக் குலம் கட்டியது என்று ஆளுக்கொன்று அளந்துகொண்டிருந்த காலத்தில், நேரில் பார்த்துவிட்டு, இவற்றைக் கட்டியது இந்த மண்ணின் மக்களின் முன்னோர்களே என்று எழுதினார். அவர் புத்தகம் நிற்பது அந்த ஒரு தீர்ப்பில்தான். நாம் கடாரத்தில் செய்வது நேர் எதிர். நாமே எகிப்தியர் வேஷம் கட்டிக்கொண்டு போய் நிற்கிறோம்.

தமிழில் வேறு மாதிரிப் போனவர்கள் இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வந்தது. ஆசாமி எங்கே போனாலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார், வாயை அடக்கி வைத்திருக்கிறார். உணர்ச்சிவசப்படுவது அபூர்வம். அந்த வறண்ட நடை என் இருபது வயசில் சலிப்பாக இருந்தது. இப்போது அதுதான் மரியாதை என்று படுகிறது. போன இடம் தன்னுடையது இல்லை என்று தெரிந்தவரின் நடை அது.

2013 கடைசியில், சுங்கை பத்துவில் பதினொன்றாம் எண் சண்டியை ஒரு வீட்டுமனை நிறுவனம் இடித்துத் தள்ளியது வெளியே தெரிந்தது. பினாங்கின் துணை முதல்வராக இருந்த பி. இராமசாமி முதலிய பலர் குரல் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் கொதித்தார்கள். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் நமக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினான், சூடாமணி விகாரம். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் ராஜேந்திரன், பின்னாளில் கடாரம் கொண்ட அதே ராஜேந்திரன். நாகப்பட்டினத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை நின்றது. பலரும் அந்த விகாரத்தோடு சேர்த்துப் பேசுவது அதைத்தான், சீனர் கட்டியது என்பாரும் உண்டு. 1867இல் அரசாங்க அனுமதியோடு சேசு சபையினர் அதை இடித்தார்கள். அங்கே கிடைத்த புத்தர் வெண்கலங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோபுரம் போனதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல சிறுகதை எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஊரில் நம் கோயில் என்று நாம் தேடுவது போல, நம் ஊரில் தங்கள் விகாரத்தைத் தேடி ஒரு கெடாக்காரர் பஸ் ஏறி வந்தால் எதைக் காட்டுவோம்?

திரும்பும்போது காரோட்டி வந்தவர் தமிழர், அறுபது வயசிருக்கும். "கல்லு பாக்கவா தம்பி சிங்கப்பூர்லேருந்து வந்தீங்க?" என்றார். ஆமாண்ணே என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். "எங்கப்பா இந்தப் பக்கத் தோட்டத்துலதான் பால்மரம் வெட்டினாரு. தோட்டத்த வித்துட்டாங்க. முனியாண்டி கோயில ஒடச்சப்ப நாங்க இருவது பேருதான் நின்னோம். அதப் படம் புடிக்க ஒருத்தரும் வரல லா."

அவர் சொன்னபோது எனக்கு ம. நவீனின் 'பேய்ச்சி' ஞாபகம் வந்தது. கெடாவின் லுனாஸ் வட்டாரத் தோட்டத்து மக்களைப் பற்றிய நாவல். 2019இல் வந்தது, அடுத்த ஆண்டே மலேசிய உள்துறை அமைச்சு தடை செய்தது. அதில் குறைகள் உண்டு, சில இடங்களில் தொன்மம் மனிதர்களை மூடிவிடுகிறது. ஆனாலும் எனக்குக் கிடைத்த உண்மையான கடார நாவல் அதுதான். அது சோழக் கப்பலை நம்பி நிற்கவில்லை. கள்ளும் சாராயமும் சாமியும் சாவும் உள்ள ஊர் அது. அந்த ஊருக்கு வெளியே எங்கோதான் நம் 'கொண்டான்'கள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறு இரவு கேலாங் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. மன்னார்குடி அண்ணன் விழித்துத்தான் இருந்தார்.

"என்னடா, கடாரத்துலேருந்து என்ன கொண்டாந்த?"

சுங்கைப் பட்டாணி பேருந்து நிலையத்தில் வாங்கிய வாழைக்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினேன். பிரித்து ஒன்று வாயில் போட்டவர், கொஞ்சம் நமுத்துப் போச்சு என்றார்.