எற்பாடும் ஒளிப்படமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியனார் துணிபு. கடற்கரைகளையும் குளங்களையும் ஒளிப்படமாக்குவோருள் பலர் நிலத்தையே பற்றிக்கொண்டு, பொழுதை அதன் ஒப்பனையாகக் கருதிவிடுகின்றனர். நாங்குநேரி வட்டாரத்துப் படங்களைக் காணுந்தோறும் இவ்வெண்ணமே எமக்கு மிகுகின்றது.

நாங்குநேரிக்குக் கிழக்கே உள்ள கூந்தன்குளம் 1994 இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. அதனைக் காட்டும் படங்களில் எல்லாம் குளம் நிறைந்திருக்கும். பூநாரையும் பட்டைத்தலை வாத்தும் நீர்மேல் நிழல் வீழ்த்தி நிற்கும். அழகியவையே, ஆயினும் ஆண்டின் ஒரு கூற்றையே அவை கூறுவன. ஆனி, ஆடித் திங்களில் மேற்கு மலைமுடியில் முகில் குவிந்து நிற்க, மழை மலைக்கு அப்பாலே பெய்தொழிய, இப்பால் வறண்ட காற்றே வீசும். வெடித்த குளப்படுகையின்மேல் முகில்நிழல் விரைந்தோடும் அக்காட்சி, யாம் கண்ட படங்களுள் மிக அரிது. மழைமறைவு நிலத்தின் இயல்பை அறிவிப்பது அதுவன்றோ?

இனிக் கடற்கரைக்கு வருவோம். நெய்தற்குரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. படுதல் என்பதற்கு மறைதல், தோன்றுதல் என இரு பொருளும் உள. நச்சினார்க்கினியர் முதலாயினோர் கதிரவன் மறையும் பிற்பகற்பொழுது என்றனர். பொருநைநாட்டு விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து 1785 இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவரோ, கதிரவன் தோன்றும் காலை என்றார். கீழைக்கடற்கரையில் ஞாயிறு கடலில் எழுமேயன்றிக் கடலில் வீழாது. ஆதலின் முனிவர் கொள்கைக்குக் கண்கூடான சான்று உண்டு என ஒருவர் வாதிடலாம். உவரிக் கரையில் விடியலில் எடுத்த படங்கள் அவ்வாதத்திற்குத் துணை போவன போலத் தோன்றும்.

யாம் அங்ஙனம் கொள்ளவில்லை. மார்கழி, தைத் திங்களில் உவரியில் ஞாயிறு எழும்போது படக்கருவி ஒளிக்கு எதிர்முகமாக நிற்கின்றது. படகு, வலை, ஆள் எல்லாம் வெறுங் கருவடிவாகின்றன. கருப்பொருள் யாவும் மறைகின்றன. பிற்பகலிலோ ஒளி நிலத்தின் பக்கமிருந்து கடல்மேற் படிகின்றது. நுரையின் வெண்மையும் கட்டுமரத்தின் ஈரமும் தனித்தனியே விளங்கும். தேரிச் செம்மணல் சுடர்விடும். சிறிது நேரத்தில் கீழ்வானின் அடியிலிருந்து நீலநிழல் எழும்பிக் கடலை முதலில் இருளச் செய்யும். கரையில் ஒளி எஞ்சியிருக்கக் கடல் மட்டும் இருண்டுபோதல், சென்றவன் வரவு நோக்கி நிற்பாள் இரங்குதற்கு எத்துணைப் பொருத்தம்! கதிர் கடலில் மூழ்கவேண்டும் என்னும் கட்டாயமே இல்லை.

இதனால் படம் உரையாசிரியர் வழக்கைத் தீர்த்துவிடும் என்று கருதற்க. 1856, 1857 ஆண்டுகளில் ஃபிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளைப் படமாக்கினார். அக்காலத்துத் தகடுகள் நீலஒளியை மிகுதியாக ஏற்றமையின், கடலுக்கு ஏற்ப ஒளி விட்டால் வானம் வெளிறிப்போகும். எனவே அவர் வானுக்கொன்றும் கடலுக்கொன்றுமாக இரு எதிர்ப்படிகளை எடுத்து ஒரே படத்தில் இணைத்தார். ஒரே வானம் வேறுவேறு கடல்களின்மேல் அமைந்ததும் உண்டு. திணைமயக்கம் கூறுமிடத்துத் தொல்காப்பியனார் நிலம் மயங்குதலை விலக்கிப் பிற மயங்குதற்கு இடந்தந்தமை ஈண்டு நினைக்கத்தகும். லெ கிரே செய்தது ஒருவகைப் பொழுது மயக்கம். அதனைக் குற்றம் என்னோம். ஆயினும் எடுத்த திங்களும் நாழிகையும் குறியாத படத்தை எற்பாட்டுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

ஐங்குறுநூற்று நெய்தலில் அம்மூவனார் பாடிய தொண்டிப்பத்து மேலைக்கடற்கரைத் தொண்டியைக் குறிப்பதெனின், அக்கரையில் ஞாயிறு கடலிலேயே மறையும். அப்பாடல்களின் பொழுதுக்குறிப்பு கீழைக்கரைப் பாடல்களினின்றும் வேறுபடுமா என்பது தனியே ஆராயற்பாலது.