பிரித்தால் மறுபடி கூடும் கார்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றைச் சேஸிஸ் வரை பிரித்துச் சீரமைப்பதைப் பார்ப்பது தனி இன்பம். இன்றைய கார்கள் பெரும்பாலும் ஒரே கூடாக வருபவை. ஹெரால்டுக்கோ தனிச் சேஸிஸ். அதன்மேல் உடல் பகுதி பகுதியாக போல்ட்டில் நிற்கிறது. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்வையில் பிணைப்பதுபோல, இணைப்பில்தான் இதன் நேர்த்தி.

இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த இந்தக் கார் 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. இதன் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. நம்மூரில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் வண்டலூர்ப் பகுதியில் தயாரானது.

சீரமைக்கும்போது, உடலை இறக்கித் துருவைச் சுரண்டிய பிறகே தகடு எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி பூசி மூடினால் துரு உள்ளேயே வளரும். கதவைச் சுற்றிய இடைவெளி ஒரே சீராக வரும்வரை டிங்கரிங்காரர் போல்ட்டைத் தளர்த்தித் தளர்த்தி முடுக்குவார். பெயிண்ட்டுக்கு முன்பே காரின் அழகு தீர்மானமாகும் இடம் அதுதான். முன்பக்கம் முழுதும் சாய்ந்து திறக்கும் பானட்டைத் தூக்கினால், 948 சிசி எஞ்சின் முழுசாகக் கைக்கு எட்டும். முன் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டு கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். சேஸிஸ் உறுதியாக இருந்தால் அந்தக் கார் மறுபடி ஓடும்.