போத்தல் விளக்கின் நிறம்

நிலைப்பொருட் படம் எடுக்கும் நம் இளைஞர், விளக்கை வண்ணக் கண்ணாடித்தாளால் மூடிப் புதுமை தேடுகின்றனர். தேடல் வரவேற்கத்தக்கதே. 1944இல் மறைந்த லயனல் வென்ட்டும் கறுப்பு வெள்ளையில் ஒளியைப் பரிசோதித்தவரே. ஆயின், கண்ணைக் கவர்வதற்கென மட்டும் பூசிய நிறம் பனையோலைப் பெட்டியைக் கடைப்பொம்மையாக்கிவிடும்.

1990இன் பின் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு மக்களே விளக்கு ஆக்கினர். ஏறக்குறைய 1900 கெல்வின் நிறவெப்பநிலையுடைய அத்தகைய சுடரில் அதே பெட்டி செம்பொன்னாகும். கமராவின் தன்னியக்க வெண்மைச் சமநிலையோ அந்நிறத்தைப் பிழையெனக் கருதித் திருத்த முனைகிறது. அத்திருத்தத்தை நாம் மறுக்க வேண்டும். அந்நிறம் அலங்காரமன்று, இருளில் வாழ்ந்து காட்டியோரின் சாட்சியம்.