காத்தமுத்துவின் மகள்

வாழப்பாடிப் பக்கத்தில் ஒரு பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீரோடு வருகிறார். பச்சை ஓலையில் குடிசை கட்டுகிறார்கள். தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கிறார்கள். அதில் அப்பாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். சடங்கில் அவருக்குப் பெரிய வேலை கிடையாது. அதன்பிறகு மகளோடு அவர் நேரில் பேசுவதும் குறைகிறது. "உம் மவ எங்க போறா?" என்று மனைவியைத்தான் கேட்பார். மகளும் அம்மா வழியாகவே பதில் சொல்வாள்.

பெண்ணின் பருவ வயதை எழுதிய தமிழ்ப் புனைவிலும் பெரும்பாலும் அம்மாதான் முன்னால் நிற்கிறாள். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில், பூப்பெய்திய கறுத்த மகள் அம்மாவின் ஆதரவான ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறாள். வருவது குத்தும் சொல். நம் நினைவில் தங்குவதும் அந்த அம்மாதான். அவளை அப்படிப் பேசவைத்த கல்யாணக் கவலையில் அந்த வீட்டு ஆண்களுக்கு உள்ள பங்கு பேசப்படுவதில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) பெண்களின் உலகை உள்ளிருந்து திறக்கிறது. பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் ஒளித்து எழுதியவர் சல்மா. நாமக்கல் மண்ணில் பெருமாள்முருகன் 'ஏறுவெயி'லிலும் (1991) 'கூளமாதாரி'யிலும் பையன்களின் வளர்பருவத்தை அத்தனை நெருக்கமாக எழுதினார். அதே காட்டுமேட்டில் வளர்ந்த பெண்பிள்ளைக்கு அப்படியொரு நாவல் வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அப்பாவை நேருக்கு நேர் பார்த்த மகளைத் தேடினால், ஆத்தூர் தாண்டிப் பெரம்பலூர்ச் சீமைக்குப் போக வேண்டும். அங்கே பிறந்த ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. நாவலின் காத்தமுத்து தலித் மக்களின் ஊர்த்தலைவர். ஆதிக்கச் சாதியாரிடம் அடிபட்டு வந்து விழுந்த தங்கம் என்ற பெண்ணுக்காக வழக்குப் போட வைக்கிறார். போலீசுக்கு முன்னால் கூசாமல் பேசுகிறார். அதே மனிதர் வீட்டில் இரண்டு மனைவிகளை அதட்டி ஆள்கிறார். கடைசியில், அடைக்கலம் தேடி வந்த தங்கத்தையும் தனக்கு ஆக்கிக்கொள்கிறார். மகள் கௌரி இரண்டையும் பார்க்கிறாள். ஊருக்கு நியாயம் கேட்கும் வாயே வீட்டில் வசை பொழிவதை அவளால் தாங்க முடியவில்லை. கல்யாணத்திலிருந்து தப்ப அவளுக்குக் கிடைத்த ஒரே வழி படிப்பு. அதை அவள் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கிறாள்.

தலித் தலைவர் ஒருவரை இப்படிக் காட்டலாமா என்று அன்று கேட்டார்கள். காட்டியதுதான் நாவலின் பலம் என்பேன். சாதி அவமானம் காத்தமுத்துவை எப்படி உருவாக்கியது என்பதை நாவல் மறைக்கவில்லை. அதைச் சொல்லி அவரை மன்னித்துவிடவும் இல்லை. அதைவிட அரிய காரியம் பின்னால் நடந்தது. 'ஆசிரியர் குறிப்பு' என்ற நூலில் சிவகாமி தன் நாவலிடமே திரும்பிப் போனார். மகளின் கோபம் வரைந்த அப்பா முழு அப்பாதானா, எதை விட்டோம், எதைக் கூட்டினோம் என்று தன்னையே விசாரித்தார். தந்தையைக் குற்றஞ்சாட்டிய மகள் அவருக்காகவும் நியாயம் தேடும் இந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

திரையில் இரண்டைச் சொல்ல வேண்டும். ராமின் 'பேரன்பு' (2019), மனைவி விட்டுப்போன வீட்டில் மகள் பருவமெய்தும்போது தந்தையைத் திகைத்து நிற்கவைத்தது. முத்துக்குமாரின் 'அயலி' (2023) தொடரில் பள்ளிக்குப் போவதற்காக மகள் தன் பூப்பையே மறைக்கிறாள்.

வாழப்பாடி இருக்கும் சேலம் மாவட்டத்துக்கு இந்த அப்பா-மகள் கதை இன்னும் கனமானது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இங்கேதான். அந்த ஆண்டில் பிழைத்து வளர்ந்த பெண்ணுக்கு இன்று பள்ளி போகும் மகள் இருக்கலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால், 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்த மகளின் சொந்த வங்கிக் கணக்கிலேயே விழும். மரவள்ளி விலை சரிந்த மாதத்தில் அந்தப் பணத்தை அவளிடம் கைமாற்றாகக் கேட்க வேண்டிய அப்பா, இந்த முறை மனைவியைத் தூது விடுவாரா, மகளிடமே வந்து பேசுவாரா? வாழப்பாடிக்காரி ஒருத்தி இதை எழுத வேண்டும்.